மீன் சாகவில்லையே!

போன மாதம் இங்கே எடப்புளி நாட்டில், மரவள்ளிக்கு மருந்தடித்த தெளிப்பானை ஒருவர் ஓடையில் அலசிக்கொண்டிருந்தார். "வேண்டாம் தம்பி" என்றேன். "மீன் ஒண்ணும் சாவலையே ஐயா" என்றார்.

அவரைக் குறை சொல்லி என்ன பயன்? நம் விதியே அப்படித்தான் கேட்கிறது. சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளின் பொது வரையறைப்படி, ஆலைக் கழிவுநீரில் மீன்களை விட்டு, 96 மணி நேரம் கழித்து 90 சதவீதம் உயிரோடிருந்தால் அந்தச் சோதனையில் தேறிவிடும்.

ஆனால் பல நஞ்சுகளுக்கு மீனுக்கு முன்பே பலியாவது மீன்குஞ்சு தின்னும் சிற்றுயிர்கள். புதுச்சேரியில் பிரெஞ்சில் படித்தபோது, குளத்து நீரில் துள்ளும் ஒரு துளி உயிரை 'ப்யூஸ் தோ' என்று வாத்தியார் காட்டினார். தண்ணீர்த் தெள்ளு என்று பொருள். டாஃப்னியா என்பார்கள். பெயர்தான் தெள்ளு, உறவு இறாலோடு.

ரசாயனங்களைச் சோதிக்க உலக நாடுகள் ஏற்ற முறை ஒன்று உண்டு. பிறந்து 24 மணி நேரம் ஆகாத தெள்ளுக் குஞ்சுகளை, ஒவ்வோர் அளவு நஞ்சிலும் 20 வீதம் விடுவார்கள். 48 மணி நேரம் கழித்துக் குவளையை மெல்ல ஆட்டி, 15 விநாடிக்குள் நீந்தாதவற்றை எண்ணுவார்கள். பாதி முடங்கும் அளவே கணக்கு. பல பூச்சிமருந்துகளில் அந்த அளவு மீனைக் கொல்லும் அளவைவிட மிகக் குறைவு.

இரண்டு நாள் சோதனை எல்லாவற்றையும் சொல்லாது. இருந்தாலும் மீனோடு தெள்ளையும் விதியில் சேர்க்க வேண்டும். கொல்லிமலையில் பிறக்கும் ஐயாறு காவிரிக்குத்தான் போகிறது. விதியில் ஒரு வரி கூடினால் போதும். குமாஸ்தாவாக இருந்தவன் சொல்கிறேன், அந்த ஒரு வரிதான் கஷ்டம்.