எழுதப்படாத கடமைப் பட்டியல்

ஒரு பராமரிப்பு இல்லத்தின் நிருவாகம் எப்படி நடக்கிறது என்பதை அதன் ஆண்டறிக்கை சொல்லாது. அலுவலகச் சுவரில் ஒட்டியிருக்கும் கடமைப் பட்டியல் சொல்லும். நிரந்தர ஊழியரின் பெயர்கள் அதில் வரிசையாக இருக்கும். அமைய அடிப்படையில் வேலைக்கு வருபவரின் பெயர் பல இடங்களில் அதில் ஏறுவதே இல்லை. முந்திய நாள் இரவு வரும் தொலைபேசி அழைப்புத்தான் அவருக்கான பட்டியல். "காலையில வாங்க" என்றால் வேலை உண்டு. அழைப்பு வராவிட்டால் வேலையும் இல்லை, ஏன் இல்லை என்ற காரணமும் இல்லை.

மட்டக்களப்பில் இது கூடுதலாக வலிக்கிறது. வாவி ஏறத்தாழ 56 கிலோமீற்றர் நீளமானது. போதனா வைத்தியசாலையும் தனியார் மருத்துவமனைகளும் வாவியின் கிழக்கே, எழுவான்கரையில் இருக்கின்றன. நாட்கூலிக்கு வரும் பெண்களில் பலருடைய வீடு மேற்கே, படுவான்கரையில். 2014இல் மண்முனைப் பாலம் திறந்தபின் கொக்கட்டிச்சோலைப் பக்கத்தாருக்குப் பயணம் இலகுவானது. தெற்கே மண்டூர்ப் பக்கத்தாருக்கோ குருமண்வெளித் துறையில் படகுப் பாதைக்காகக் காத்து நிற்பது வாழ்க்கையோடு ஒட்டிய ஒன்று. இப்படி வருகிற ஒருவருக்குக் காலை ஆறு முதல் பத்து வரை ஒரு வேலையும், மாலை நான்கு முதல் எட்டு வரை இன்னொரு வேலையும் கொடுத்தால் என்ன ஆகும்? இடையிலுள்ள ஆறு மணித்தியாலத்தில் வீட்டுக்குப் போய்த் திரும்ப முடியாது. அந்த நேரத்துக்குச் சம்பளமும் கிடையாது. எட்டு மணித்தியாலக் கூலிக்கு அவருடைய முழு நாளும் போய்விடுகிறது. மாலையில் மாற்று ஆள் தாமதித்தால் கடைசி பஸ்ஸும் போய்விடும். பட்டியலைப் போடும் மேற்பார்வையாளர் அந்தக் கரையின் போக்குவரத்தை ஒரு தடவையாவது யோசித்துப் பார்த்திருந்தால் அப்படிப் போட்டிருக்கமாட்டார்.

பயண நேரம் யாருடைய நேரம் என்ற இந்தக் கேள்வி லண்டனில் ஒரு தீர்ப்பாயம் வரை போனது. ஹரிங்கே பகுதியில் வீடு வீடாகச் சென்று முதியோரைப் பராமரித்த பத்துப் பேர், யூனிசன் தொழிற்சங்கத்தின் துணையோடு வழக்காடினார்கள். இத்தனை மணித்தியால வேலை தருவோம் என்ற உறுதியே இல்லாத ஒப்பந்தம் அவர்களுடையது. ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் போகும் நேரமும், இடையில் 60 நிமிடம் வரையான காத்திருப்பும் வேலை நேரமே என்று 2020 செப்டெம்பரில் தீர்ப்பு வந்தது. நிலுவையாக ஒரு இலட்சம் பவுணுக்கு மேல் கிடைத்தது. அந்தத் தீர்ப்பு இங்கே செல்லாது. ஆனால் அதன் நியாயம் வாவிக்கரைக்கும் பொருந்தும்.

இலங்கைச் சட்டம் அமைய ஊழியரைக் கைவிட்டிருக்கிறது என்றே துறையில் பலரும் நம்புகிறார்கள். நிருவாகத்துக்கு இந்த நம்பிக்கை வசதியானது. உண்மை வேறு. 1950ஆம் ஆண்டின் கைத்தொழில் பிணக்குகள் சட்டம் வாய்மொழி ஒப்பந்தத்தையும் ஒப்பந்தமாகவே ஏற்கிறது. நியமனக் கடிதம் இல்லை என்பதற்காக ஒருவர் தொழிலாளி இல்லை என்று ஆகிவிடாது. தனியார் நிறுவனத்தில் வேலை நிறுத்தப்பட்டால் ஆறு மாதத்துக்குள் தொழில் நியாயசபைக்கு விண்ணப்பிக்கலாம். ஊழியர் சேமலாப நிதி முதல் நாளிலிருந்தே உரித்தாகிறது. அமைய ஊழியர், தற்காலிக ஊழியர் என்ற வேறுபாடு அதற்கு இல்லை. ஊழியரிடமிருந்து 8 சதவீதம், தொழில்தருநரிடமிருந்து 12 சதவீதம், நம்பிக்கைப் பொறுப்பு நிதிக்கு இன்னும் 3 சதவீதம். கட்டத் தாமதித்தால் மேலதிகக் கட்டணம் 50 சதவீதம் வரை ஏறும். தேசிய ஆகக்குறைந்த சம்பளம் 2026 ஜனவரி முதல் மாதத்துக்கு 30,000 ரூபாய், நாளொன்றுக்கு 1,200 ரூபாய்.

ஆனால் சட்டத்தில் ஓட்டைகளும் உண்டு. அவை பராமரிப்புத் துறையின் மேலேயே வந்து விழுகின்றன. பத்துப் பேருக்குக் குறைவானவர்கள் வேலை செய்யும் தொண்டு நிறுவனங்களுக்குச் சேமலாப நிதிக் கடப்பாடு இல்லை. வீட்டு வேலைக்கும் இல்லை. அநாதைகளுக்கும் கண் தெரியாதவர்களுக்கும் காது கேளாதவர்களுக்கும் பயிற்சி தருவதையே பணியாகக் கொண்ட நிலையங்களுக்கும் இல்லை. மட்டக்களப்பில் கோவில், தேவாலயம், பள்ளிவாசல் சார்ந்தும் நன்கொடையாளரை நம்பியும் நடக்கும் சிறிய இல்லங்கள் ஏராளம். ஊரில் வயோதிபரை அவர்கள் வீட்டிலேயே இருந்து பார்ப்பவர்களும் ஏராளம். 2012 குடிசனக் கணக்கெடுப்பிலேயே நாட்டில் 60 வயதைத் தாண்டியவர்கள் 12.4 சதவீதம். பிள்ளைகள் வெளிநாட்டில் இருக்கும் வீடுகளில் இந்தப் பராமரிப்பாளர்கள்தான் இரவும் பகலும் துணை. 1958ஆம் ஆண்டுச் சேமலாப நிதிச் சட்டம் இவர்களை வெளியே நிறுத்தியபோது பராமரிப்பு ஒரு தொழிலாக வளரும் என்று யாரும் எண்ணியிருக்கமாட்டார்கள். இன்று அது தொழில். தேசிய தொழில் தகைமைச் சான்றிதழ் தரும் தொழில். இந்த விலக்குகள் நீக்கப்பட வேண்டும் என்பதில் இந்த இதழுக்குத் தயக்கம் இல்லை.

180 நாள் கணக்கு இன்னொரு வலி. பதினைந்து பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், பன்னிரண்டு மாதத்தில் 180 நாள் சேவை செய்தவரை ஒழுக்காற்றுக் காரணமின்றி நிறுத்துவதற்கு அவருடைய சம்மதமோ தொழில் ஆணையாளரின் அனுமதியோ தேவை என்று 1971ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. அரசதுறையில் தற்காலிக, அமைய, பதிலீட்டு ஊழியரை நிரந்தரமாக்கிய 2014ஆம் ஆண்டின் 25ஆம் இலக்கச் சுற்றறிக்கையும் 180 நாளையே அளவாகக் கொண்டது. ஆகவே 170ஆம் நாளை நெருங்கும்போது "கொஞ்சநாள் வீட்டில இருங்க" என்று சொல்வது சில இடங்களில் நிருவாகத் திறமையாகவே கருதப்படுகிறது. வார்ட்டில் இருக்கும் நோயாளியின் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க வேண்டும். படுக்கையில் கிடப்பவரை இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வைக்காவிட்டால் முதுகிலும் இடுப்பிலும் புண் வரும். எந்தப் பக்கம் படுத்தால் அவருக்கு மூச்சு வாங்கும், எந்த மாத்திரையைத் துப்பிவிடுவார், இரவில் எத்தனை மணிக்குத் தானாக எழுந்து நடக்கப் பார்ப்பார் என்பதெல்லாம் பழகிய கைக்குத்தான் தெரியும். அந்தக் கையை 170ஆம் நாளில் அனுப்பிவிட்டுப் புதியவரை எடுக்கிறார்கள். புதியவருக்கு எதையும் எழுதிக் கொடுப்பதில்லை. பிறகு நோயாளி விழுந்தால் அன்று கடமையிலிருந்த அமைய ஊழியரிடம் விளக்கம் கேட்கிறார்கள்.

தொண்டு என்ற போர்வை வழக்குமன்றத்தில் எப்போதும் செல்லுபடியாவதில்லை. இந்தியாவின் குஜராத்தில் அங்கன்வாடி எனப்படும் சிறுவர் நிலையங்களின் பணியாளர்களுக்குக் கொடுப்பது மதிப்பூதியம், சம்பளம் அல்ல என்று வாதிடப்பட்டது. 2022 ஏப்ரல் 25இல் இந்திய உச்ச நீதிமன்றம் அந்த வாதத்தை ஏற்கவில்லை. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று தீர்ப்பளித்தது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் மட்டக்களப்பு மாவட்டத்தில் எத்தனையோ பெண்கள் திட்டங்களின் கீழ் தொண்டர்களாகவே பராமரிப்புத் துறைக்குள் வந்தார்கள். அந்தப் பழக்கம் நிருவாகங்களின் மனதில் இன்னும் இருக்கிறது.

மோசமான நிருவாகத்தின் கீழ் வேலை செய்பவர் என்ன செய்யலாம்? முதலில், எழுதலாம். வந்த நேரம், போன நேரம், யார் அழைத்தார், எத்தனை பேரைப் பார்த்தார், எவ்வளவு காசு கிடைத்தது என்பதை அன்றன்றே ஒரு கொப்பியில் குறிப்பது சிறிய வேலை. வேலையே கொடுக்கவில்லை என்று நிருவாகம் மறுத்தால் வேலை செய்ததை நிரூபிக்கும் பொறுப்பு ஊழியருடையது. அப்போது அந்தக் கொப்பியும், தொலைபேசியில் அழியாமல் இருக்கும் குறுஞ்செய்திகளும், வங்கிச் சிட்டையும்தான் பேசும். நோயாளியின் பெயரையோ நோயையோ கொப்பியில் எழுதக்கூடாது. அரச வைத்தியசாலையில் இருப்பவர் 2016ஆம் ஆண்டின் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் கீழ்த் தன் சேவைப் பதிவைக் கேட்கலாம். 14 வேலை நாளுக்குள் முடிவை அறிவிக்க வேண்டும். முதுகு பிடித்தால், வழுக்கி விழுந்தால், அன்றே எழுத்தில் அறிவித்து மருத்துவரைக் காண வேண்டும். 1934ஆம் ஆண்டிலிருந்தே தொழிலாளர் நட்டஈட்டுச் சட்டம் இருக்கிறது. தனியாகத் தொழில் திணைக்களத்துக்குப் போகப் பயந்தால் மூன்று பேராகப் போகலாம்.

எல்லாப் பாரத்தையும் நாட்கூலிக்காரியின் கொப்பியில் ஏற்றுவது நியாயமல்ல. இந்த இதழைப் படிப்பவர்களில் மேற்பார்வையாளர்கள், மேட்ரன்மார், இல்லப் பொறுப்பாளர்கள், சமூகசேவை உத்தியோகத்தர்கள் அதிகம். பெரும்பாலானோர் மனம் கெட்டவர்கள் அல்ல. ஆளும் பணமும் பற்றாத இடத்தில் மாதக் கடைசியை எப்படித் தாண்டுவது என்று தவிப்பவர்கள். அவர்கள் செய்யக்கூடியவற்றில் பலவற்றுக்கு ஒரு சதமும் செலவில்லை. ஒரு கிழமைப் பட்டியலை முன்கூட்டியே எழுதி, அமைய ஊழியரின் பெயரையும் அதில் சேர்க்கலாம். இரண்டு துண்டாக வெட்டிய வேலையைப் பக்கத்து ஊரவருக்குக் கொடுத்து, வாவியைக் கடந்து வருபவருக்கு ஒரே நீட்டான வேலையைக் கொடுக்கலாம். கைமாற்றுக் குறிப்பை அமைய ஊழியரும் எழுதிக் கையெழுத்திடலாம். குறை சொல்ல வேண்டுமானால் முதியவர்களின் முன்னால் அல்லாமல் அறைக்குள் கூப்பிட்டுச் சொல்லலாம்.

முதியோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் இல்லங்களைப் பார்வையிடச் செல்லும் அதிகாரிகள் கட்டில், கழிவறை, சமையலறை எல்லாவற்றையும் பார்க்கிறார்கள். அடுத்த தடவை போகும்போது கடமைப் பட்டியலையும் சம்பளப் பதிவேட்டையும் கேட்டு வாங்கிப் பார்க்கட்டும். அமைய ஊழியர் ஒருவரையாவது பொறுப்பாளர் இல்லாத இடத்தில் அழைத்து, கடைசியாக எப்போது சம்பளம் கிடைத்தது என்று விசாரிக்கட்டும்.