என் பணத்தை எனக்கே தர எத்தனை கட்டணம்!

கையில் கார்டு இருக்கிறது, கணக்கில் பணம் இருக்கிறது, ஆனால் துக்துக்காரருக்குக் கொடுக்க நூறு தாய்லாந்து பாட் இல்லை. இந்தக் கொடுமையை அனுபவிக்க வேண்டுமானால், சிங்கப்பூரில் ஏறி பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் சொகுசுக் கப்பலில் குடும்பத்தோடு ஒருமுறை போய்வாருங்கள்.

கப்பலுக்குள் பணமே வேண்டாம் என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். ஏறும்போதே நம் கிரெடிட் கார்டைப் பதிந்துகொண்டு ஓர் அட்டையை நீட்டுகிறார்கள். அறைச் சாவியும் அதுதான், பர்சும் அதுதான். காபியா, ஜூஸா, போட்டோவா, பையனுக்கு வீடியோ கேமா? அட்டையைக் காட்டினால் முடிந்தது. பல கப்பல்களில் பானத்தின் விலையோடு 18 சதவீதம் சேவைக் கட்டணம் சேரும். அது போதாதென்று, ஆளுக்கு ஒரு நாளைக்கு இத்தனை அமெரிக்க டாலர் டிப்ஸ் என்று, பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்கும் சேர்த்துக் கணக்கில் தானாக ஏறும். நம்மிடமிருந்து வாங்குவதில் ஒரு நொடித் தாமதம் கிடையாது.

தகராறு கரையில்தான். புக்கெட்டில் பெரிய கப்பல்கள் பத்தோங் கடலிலேயே நங்கூரம் போட்டுவிட்டுச் சிறு படகில் நம்மைக் கரைசேர்க்கும். அங்கே தெருவோரம் மாம்பழம் நறுக்கித் தரும் அம்மாவிடமும் துக்துக்காரரிடமும் கப்பல் அட்டையை நீட்ட முடியுமா? பாட் வேண்டும். பினாங்கில் ஜார்ஜ் டவுனைச் சைக்கிள் ரிக்‌ஷாவில் சுற்ற மலேசிய ரிங்கிட் வேண்டும். அறையைப் பெருக்கித் துண்டை மடித்துவைக்கும் பையன் கையில் தனியாக ஏதாவது வைக்கலாம் என்றால் ஒரு டாலர், ஐந்து டாலர் நோட்டு வேண்டும்.

வரவேற்பு மேசையில் வரிசையில் நின்று கேட்டால், சில்லறை தீர்ந்துவிட்டது என்கிறார்கள். பாட்? இல்லை. டாலர் வேண்டுமானால் ஏடிஎம் இருக்கிறதே என்று கைகாட்டுகிறார்கள். எங்கே? சூதாட்டக் கூடத்துக்குப் பக்கத்தில்! இடத்தை யோசித்துத்தான் பிடித்திருக்கிறார்கள்.

அந்த இயந்திரத்தில் 100 டாலர் எடுப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். கப்பல் ஏடிஎம்களில் ஒருமுறை எடுக்க 5 முதல் 8 டாலர் வரை பிடிப்பது சகஜம். நம் ஊர் வங்கிக்கு அந்நியச் செலாவணிக் கட்டணமாகப் பெரும்பாலும் 3.5 சதவீதம், அந்தக் கட்டணத்தின் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி, வெளிநாட்டு ஏடிஎம்மைத் தொட்டதற்கு இன்னொரு கட்டணம். எப்படிக் கூட்டினாலும் 10 டாலருக்குக் குறையாமல் போய்விடும். கிரெடிட் கார்டில் எடுத்தால் அன்றைக்கே வட்டி ஓட ஆரம்பிக்கும். இத்தனையும் போய்க் கையில் வருவது டாலர்தான். அதைப் பாட்டாக மாற்றும்போது இன்னொரு வெட்டு. சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம்.

"என்ன மாப்பிள்ளை, நம்ம காசை நமக்குக் குடுக்க இவனுக்கு எதுக்குக் கூலி?" என்றார் மாமனார். என்ன பதில் சொல்வது?

விஷயம் தெரிந்தவர்கள் இன்னொரு வழி சொல்வார்கள். சில கப்பல்களில் சூதாட்டக் கூடத்தின் காசாளர், நம் அறைக் கணக்கில் எழுதிக்கொண்டு ரொக்கம் தருவார். அதற்கு 3 முதல் 5 சதவீதம் பிடித்துக்கொள்வார்கள். சூதாடக் கொடுக்கும் காசு அது, ரிக்‌ஷாவுக்கு அல்ல. அதிலும் கூத்தைக் கேளுங்கள்: கப்பல் துறைமுகத்தில் நிற்கும்போது சூதாட்டக் கூடம் மூடியிருக்கும், கடலுக்குள் போன பிறகுதான் திறப்பார்கள். நமக்குக் காசு தேவைப்படும் நேரத்தில் பூட்டு, தேவைப்படாத நேரத்தில் வரவேற்பு.

டெபிட் கார்டோ ஃபாரெக்ஸ் கார்டோ கொடுத்து ஏறியவர்கள் பாடு இன்னும் மோசம். நாம் செலவழிப்போம் என்று கப்பல்காரர்கள் மதிப்பிடும் தொகையை முன்கூட்டியே முடக்கிவைப்பார்கள். ஊர் திரும்பிச் சில நாள் கழித்துத்தான் அது விடுபடும். அதுவரை இருப்பு இருக்கும், எடுக்க முடியாது. வேறு கார்டை போனில் சரிசெய்யலாம் என்றால், வங்கி அனுப்பும் ஓடிபி நடுக்கடலில் வந்து சேராது. நாம் வாங்கிப்போகும் சாதாரண ரோமிங் பேக் கப்பல் சிக்னலுக்குப் பொருந்தாது.

கடலில் ஏடிஎம் நடத்தச் செலவில்லையா என்று கேட்கலாம். உண்டு. நோட்டைக் கொண்டுபோய் நிரப்ப வேண்டும், செயற்கைக்கோள் இணைப்பு வேண்டும். அதற்குக் கூலி வாங்கட்டும். டிக்கெட் விற்கும்போதே சொல்லிவிட்டு வாங்கட்டும். எத்தனை ஹோட்டல், எத்தனை நீச்சல் குளம் என்று பளபளக்கும் தாளில் அச்சடிக்கிறவர்கள், கையில் பாட்டும் ரிங்கிட்டும் எடுத்துவாருங்கள் என்று ஒரு வரி அச்சடித்தால் மை தீர்ந்துவிடுமா? சென்னையில் நம்மிடம் முன்பணம் வாங்கும் டிராவல் ஏஜென்ட் வாயைத் திறந்து சொன்னால் குறைந்தா போவார்?

அவர்கள் சொல்லமாட்டார்கள், நான் சொல்லிவிடுகிறேன். ரிசர்வ் வங்கி விதிப்படி ஒரு பயணத்துக்கு 3,000 டாலர் வரை நோட்டாகவே வாங்கிப் போகலாம். அதில் கொஞ்சத்தைச் சிறு நோட்டாகக் கேட்டு வாங்குங்கள். கப்பல் ஏறும் முன் சிங்கப்பூரில் முஸ்தபா சென்டர் பக்கம் போனால் பாட்டும் ரிங்கிட்டும் அங்கேயே மாற்றிக்கொள்ளலாம். தாய்லாந்துக் கரையில் ஏடிஎம் வெளிநாட்டு அட்டைக்கு ஒவ்வொரு முறையும் தனிக் கட்டணம் பிடிக்கும். எடுப்பதை ஒரே தடவையில் எடுங்கள். ரூபாய்க் கணக்கில் பிடிக்கட்டுமா என்று திரை கேட்டால், வேண்டாம் என்று அழுத்துங்கள். கப்பலில் ஏறிய பிறகு காசு தேடாதீர்கள். அங்கே விற்கிற பொருட்களிலேயே விலை அதிகமானது நம் சொந்தப் பணம்தான்.