கல்லுல ஒட்டின கண்ணாடி (த்ரெட்)

போடியில கொட்டகுடி ஆத்துல இறங்கியிருக்கீங்களா? கல்லு மேல பழுப்பா வழவழன்னு ஒரு படலம் காலை வழுக்கும். அதுல நிறைய இருப்பது டயட்டம். ஒற்றைச் செல் பாசி. தன்னைச் சுத்தி சிலிக்காவால, அதாவது கண்ணாடியால, ஓடு கட்டிக்கும்.

பாசி செத்தாலும் ஓடு மக்காது. அதனாலதான் 19ஆம் நூற்றாண்டு டயட்டம் ஸ்லைடுகளை இன்னைக்கும் மைக்ராஸ்கோப்பில் பார்க்க முடியுது. ஜெர்மனியில் மோல்லர் என்பவர் ஒரே ஸ்லைடில் நாலாயிரத்துக்கும் மேல் டயட்டம்களை ஒவ்வொன்றாக அடுக்கியிருக்கிறார்! வெளிநாட்டில் பழைய ஸ்லைடுகள் ஏலத்துக்கு வரும். (நம்மூர்ல ஏலக்காய்தான் ஏலத்துக்கு வரும்.)

டாக்டருக்கு இதுல என்ன வேலைன்னு கேப்பீங்க. தண்ணியில கிடந்த ஒரு உடல் போஸ்ட்மார்ட்டத்துக்கு வருது. மூழ்கி இறந்தாரா, இறந்தபிறகு தண்ணியில போட்டாங்களா? உயிரோட மூழ்கினா, நுரையீரலுக்குள்ள போன தண்ணியோட டயட்டமும் ரத்தத்தில் கலந்து எலும்பு மஜ்ஜை வரைக்கும் போகலாம். இதயம் நின்னுட்டா ரத்த ஓட்டம் இல்லை, அவ்வளவு தூரம் போக வழியில்லை. மஜ்ஜையை நைட்ரிக் ஆசிட்டில் கரைப்பாங்க. சதை கரையும், கண்ணாடி ஓடு நிக்கும்.

ஆனா டயட்டம் கிடைச்சது என்பதே முடிவு ஆகாது. குடிதண்ணியிலும் டயட்டம் உண்டு, லேப் குடுவையிலும் ஒட்டியிருக்கலாம். கிடைக்கலைன்னா மூழ்கலைன்னும் சொல்லிட முடியாது. மஜ்ஜையில் இருக்கிற இனங்களும் உடல் கிடந்த தண்ணியின் இனங்களும் ஒத்துப்போகணும். கிணறு, கண்மாய், மலை ஓடை ஒவ்வொண்ணுலயும் வேற வேற கூட்டம். இனத்தைச் சரியாகச் சொல்ல, நம்ம தண்ணியிலிருந்தே எடுத்த, பேர் எழுதின ஸ்லைடு வேணும்.

நம்மகிட்ட ஆள் இல்லாம இல்லை. ஜி. வெங்கட்ராமன் 1939லேயே தென்னிந்திய டயட்டம்களை வகைப்படுத்தி எழுதினார். சென்னைப் பல்கலைக்கழகத்தின் டி.வி. தேசிகாச்சாரி 1980களில் டயட்டம் அட்லஸ் தொகுதிகளையே கொண்டுவந்தார். புத்தகத்தில் இருப்பது படம். சந்தேகம் வந்தா திரும்பிப் பார்க்க ஸ்லைடுதான். அதைப் பழைய கண்ணாடின்னு தூக்கிப் போடுவதை என்னால ஏத்துக்கவே முடியாது.

இன்னொண்ணு. ஏலம் நிறைய மருந்தடிக்கிற பயிர், உரமும் கேக்கும். தண்ணியில் உப்பு, பாஸ்பேட் கூடினா டயட்டம் இனங்களும் மாறும். முன்னாடி தண்ணி எப்படி இருந்ததுன்னு காட்ட அந்தக் கால ஸ்லைடு ஒரு சாட்சி.

தேனி, போடி பக்கத்து தாவரவியல் ஆசிரியர்களே, டிபார்ட்மென்ட் அலமாரியில் பழைய ஸ்லைடு பெட்டி இருந்தா லேபிளோட போட்டோ எடுத்து வைங்க. பிள்ளைகளைக் குரங்கணி ஓடைக்கு ஒருநாள் கூட்டிட்டுப் போங்க. பழைய டூத் பிரஷ்ஷால கல்லைத் தேய்ச்சா சாம்பிள் ரெடி. இடமும் தேதியும் பென்சிலால எழுதுங்க, பேனா மை அழிஞ்சிடும்.