வண்டியே வீடானால்...

ஆடிக் கிருத்திகை நாட்களில் திருத்தணி மலையடிவாரத்தைக் கண்டவர்கள் அக்காட்சியை எளிதில் மறவார். காவடி ஏந்தி வரும் அடியார்கள் சென்னையிலிருந்தும், வேலூரிலிருந்தும், எல்லைக்கு அப்பாலுள்ள சித்தூரிலிருந்தும் வேன்களில் குடும்பம் குடும்பமாக வந்து இறங்குகின்றனர். வண்டியின் நிழலே அவர்களுக்கு முற்றம். விரித்த பாயே கூடம். மூன்று கல் கூட்டினால் அடுப்படி. தமிழும் தெலுங்கும் கலந்து ஒலிக்க, அங்கே சோறு பொங்குகிறது. இருக்கைகளில் குழந்தைகள் உறங்குகின்றன.

சமயம் வேறாயினும் இவ்வழக்கம் நமக்குப் புதிதன்று. ஆகஸ்டு 29இல் கொடியேறிச் செப்டம்பர் 8இல் நிறைவுறும் வேளாங்கண்ணி ஆரோக்கிய அன்னையின் திருவிழாவுக்கு, இப்பகுதியிலிருந்து வேன் அமர்த்திச் செல்லும் நம் பங்குக் குடும்பங்களும் இதையே செய்கின்றன. அறை கிடைக்காவிடினும், கிடைத்த அறைக்கு வாடகை மிகுந்திருப்பினும், “வண்டியிலேயே படுத்துக்கொள்வோம்” என்று முடிவு செய்துவிடுகிறோம். அம்முடிவு நன்மை தருவதா, தீமை தருவதா? இம்மாதம் அதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம்.

மேல்நாடுகளில் படுக்கை, அடுப்பு, கழிப்பிடம் யாவும் உள்ளேயே அமைந்த வண்டிகள் உண்டு. அவை தங்குவதற்கென்றே தனி மைதானங்களும் உண்டு. குடிநீர்க் குழாய், மின் இணைப்பு, கழிவுநீரை வெளியேற்றும் வழி ஆகியவற்றை அங்கே வாடகைக்குப் பெறலாம். நம் அண்டை மாநிலமான கேரளத்தில் அரசு 2021இல் இத்தகைய சுற்றுலாத் திட்டம் ஒன்றைத் தொடங்க, 2022இல் வாகமனில் முதல் கேரவன் பூங்கா திறக்கப்பட்டது. நாம் அமர்த்தும் வேனோ இருக்கைகள் மட்டுமே கொண்டது. நாம் அதை நிறுத்தும் திடலிலும் மேற்சொன்ன வசதிகள் பெரும்பாலும் இரா. இந்த வேறுபாட்டை மறந்துவிடலாகாது.

முதலில் நன்மைகளைக் கூறுவோம். செலவு குறைகிறது, குறைந்த வருமானமுள்ள குடும்பமும் திருத்தலம் காண முடிகிறது. பாட்டிக்குக் குழைந்த கஞ்சி, குழந்தைக்குக் காரமில்லாத சோறு என்று அவரவர்க்கு ஏற்றதைச் சமைத்துக்கொள்ளலாம். பல அறைகளில் பிரிந்து கிடக்காமல் மூன்று தலைமுறையும் ஒரே இடத்தில் அமர்ந்து செபமாலை சொல்லலாம். வீட்டில் வாய்க்காத உரையாடல்கள் பாயில் படுத்து வானத்தைப் பார்க்கும்போது வாய்ப்பதும் உண்டு.

இனித் தீமைகள். 2023 ஆகஸ்டு 26ஆம் நாள் விடியற்காலையில் மதுரையில், லக்னோவிலிருந்து வந்த யாத்திரிகர்களின் சுற்றுலா இரயில் பெட்டி தனியே நிறுத்தப்பட்டிருந்தது. தடையை மீறி உள்ளே கொண்டு வந்த எரிவாயு உருளையைக் கொண்டு தேநீர் தயாரிக்க முற்பட்டபோது தீப்பற்றி ஒன்பது பேர் மாண்டனர். 2024 டிசம்பரில் கேரளத்தின் வடகராவில் சாலையோரம் நின்ற கேரவனுக்குள் உறங்கிய இருவர் உயிரற்றுக் கிடந்தனர். ஜெனரேட்டரிலிருந்து கசிந்த கார்பன் மோனாக்சைடு என்னும் நச்சு வாயுவே காரணமென்று ஆய்வில் தெரிந்தது. நிறமும் மணமும் அற்ற அவ்வாயு, உறங்குவோரை எழுப்பாமலே கொன்றுவிடும். எனவே வண்டிக்குள் அடுப்பு மூட்டுதலும், குளிர்சாதனத்துக்காக எஞ்சினை ஓடவிட்டுக் கண்ணாடிகளை மூடி உறங்குதலும் ஒருபோதும் கூடா.

இவை கண்ணுக்குத் தெரியும் ஆபத்துகள். தெரியாத துன்பங்கள் இரண்டு உள. அறை வாடகையை மிச்சப்படுத்தினோம் என்று மகிழ்கிறோமே, அந்த மிச்சத்துக்கு யார் விலை கொடுக்கிறார்கள்?

ஒருவர் நம் இல்லத்துத் தாய். மற்றவர்களுக்கு அது உல்லாசப் பயணம். அவருக்கோ அடுப்படி இடம் மாறியது, அவ்வளவே. இருட்டில் ஒதுங்க இடமின்றி, மாலை முதலே தண்ணீர் அருந்தாமல் இருந்துவிடும் பெண்கள் நம் குடும்பங்களில் எத்தனை பேர்! அவர்கள் வாய்திறந்து சொல்வதில்லை, நாமும் கேட்பதில்லை.

மற்றொருவர் வண்டி ஓட்டுநர். நாம் அவருடைய வண்டியில் நீட்டிப் படுத்தால் அவர் எங்கே படுப்பார்? நாளொன்றுக்கு எட்டு மணி நேரமே வேலை, ஐந்து மணி நேரத்துக்குள் ஓய்வு என்று 1961ஆம் ஆண்டின் மோட்டார் போக்குவரத்துத் தொழிலாளர் சட்டம் அன்றே வரையறுத்தது. நாமோ இரவெல்லாம் அவரை ஸ்டியரிங்கில் தலைசாய்த்திருக்க விட்டு, விடிந்ததும் முந்நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டி நம்மை வீடு சேர்க்கச் சொல்கிறோம். அவருடைய உறக்கம் நம் குழந்தைகளின் உயிர்க்காவல் அல்லவா?

ஆதலால் வண்டியில் தங்குவதே தவறு என்று நாம் சொல்ல வரவில்லை. கழிப்பிடமும் குடிநீரும் விளக்கும் அருகிலுள்ள இடமாகப் பார்த்து, வெளிச்சம் இருக்கும்போதே நிறுத்துங்கள். அடுப்பை வண்டிக்கு வெளியே, தள்ளி மூட்டுங்கள். ஒரு வேளையேனும் ஆண்களும் பிள்ளைகளும் சமைக்கட்டும். பலர் சேர்ந்து சென்றால் ஓர் அறையையேனும் எடுத்து, முதியோர்க்கும் பெண்களுக்கும் குளிக்கக் கொடுங்கள். ஓட்டுநருக்குத் தனிப் படுக்கைக்கு வழி செய்யுங்கள். எச்சில் இலைகளையும் குப்பைகளையும் அள்ளி உரிய தொட்டியில் சேர்த்த பின்னரே வண்டி புறப்படட்டும்.

பெத்லகேமில் சத்திரத்தில் இடமின்றித் தவித்த ஒரு தாயை நாம் ஆண்டுதோறும் நினைவுகூர்கிறோம். அடுத்த பயணத்துக்கு நாள் குறிக்கும்போது, “இரவில் எங்கே தங்கலாம்?” என்று முதலில் நம் வீட்டுத் தாயிடமும், அடுத்து ஓட்டுநரிடமும் கேட்போம். அவர்கள் இருவரும் மனமார இசைந்தால், அந்த வண்டி அன்றிரவு உண்மையிலேயே வீடாகும்.