கூரையைப் பிரித்த விசுவாசம்

நோயாளி ஒருவருடைய படுக்கையண்டை உட்கார்ந்துகொண்டு, எந்தப் பாவத்தைச் செய்ததனால் இவர் இந்தக் கதிக்கு ஆளானார் என்று மனத்துக்குள் கணக்குப் பார்க்கிற வழக்கம் எல்லா மதத்தாரிடத்திலும் உண்டு; ஆனால் கிறிஸ்தவர்களாகிய எங்களிடத்தில் அது இன்னொரு ரூபத்தையும் எடுத்திருக்கிறது. சுகமளிக்கும் கூட்டங்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டு, தலைமேல் கை வைத்து ஜெபிக்கப்பட்டு, எண்ணெய் பூசப்பட்டு, அதன் பின்பும் சுகப்படாமல் வீடு திரும்புகிறவரிடம், மறைவான பாவம் ஏதோ தடையாய் நிற்கிறது என்றோ, விசுவாசம் போதவில்லை என்றோ சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். வியாதியின் பாரத்தோடு குற்றத்தின் பாரத்தையும் அந்தத் தலையில் ஏற்றி வைக்கிற இப்போதனை, வேதத்தின் பெயராலேயே நடப்பதனால், வேதத்தைக் கொண்டே பரிசோதிக்கத் தக்கது. அதற்கு மாற்கு சுவிசேஷத்தின் இரண்டாம் அதிகாரத்தில் வரும் திமிர்வாதக்காரனுடைய சரித்திரத்தைக் காட்டிலும் பொருத்தமான இடம் எனக்குத் தெரியவில்லை. ஏனென்றால், பாவமும் வியாதியும் ஒரே வீட்டுக்குள், ஒரே மனிதனைக் குறித்து, ஒரே சம்பாஷணையில் பேசப்பட்ட சந்தர்ப்பம் அது.

அது நடந்த கப்பர்நகூம், கலிலேயாக் கடலின் வடமேற்குக் கரையில் இருந்த ஒரு மீன்பிடி ஊர். 1968ஆம் ஆண்டு தொடங்கி, பிரான்சிஸ்கன் துறவிகளான கோர்போவும் லொஃப்ரேதாவும் அங்கே நடத்திய அகழ்வாராய்ச்சியில், கரிய எரிமலைக் கற்களை அடுக்கிக் கட்டிய சிறு வீடுகளின் சுவர்கள் வெளிப்பட்டன. அவற்றுள் ஒன்றின்மேல் ஐந்தாம் நூற்றாண்டில் எண்கோண வடிவமான ஓர் ஆலயம் எழுப்பப்பட்டிருந்ததையும், சுண்ணம் பூசிய அதன் பழஞ்சுவர்களில் யாத்திரிகர்கள் கீறிவைத்த எழுத்துக்களையும் கண்டு, பேதுருவின் வீடு இதுவே என்ற பழைய பாரம்பரியத்தை அவர்கள் ஏற்றுக்கொண்டார்கள். அது எவ்வாறாயினும், அவ்வூர்ச் சுவர்கள் கனத்த கூரையைத் தாங்கக் கூடியவையாக இல்லை. மரச் சட்டங்களைக் குறுக்கே இட்டு, அவற்றின்மேல் கிளைகளைப் பரப்பி, மண்ணைக் குழைத்துப் பூசிய இலேசான கூரைகளே அங்கே இருந்திருக்க வேண்டும் என்று ஆராய்ச்சியாளர் சொல்லுகிறார்கள். அப்படிப்பட்ட ஒரு கூரையைத்தான், திமிர்வாதக்காரனைச் சுமந்து வந்த நாலு பேர் தோண்டிப் பிரித்தார்கள் என்று மாற்கு எழுதுகிறார். லூக்கா ஓடுகளின் வழியாய் என்று சொல்லுகிறார். மத்தேயுவோ கூரையின் பேச்சையே எடுப்பதில்லை.

இயேசு உள்ளே உபதேசித்துக் கொண்டிருந்தார். வாசலுக்கு வெளியேயும் இடமில்லாதபடி ஜனங்கள் கூடியிருந்தார்கள். கெட்ட நோக்கத்தோடு வந்தவர்கள் என்று அவர்களை யாரும் சொல்ல முடியாது. தேவவசனத்தைக் கேட்க வேண்டும் என்ற ஆவலினால் நெருங்கி நின்றவர்கள். ஆயினும் நாலு பேர் சுமந்து வந்த ஒரு படுக்கைக்கு வழிவிட வேண்டும் என்று அவர்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பாவம் என்றவுடனே கொலை, களவு, விபசாரம் என்று பத்துக் கற்பனைகளின் பட்டியலுக்கு ஓடுகிற நம்முடைய மனம், இந்தக் கூட்டத்தை அந்தப் பட்டியலில் எங்கும் சேர்க்காது. நான் சேர்ப்பேன். பக்தியோடு நின்ற முதுகுகளே ஒரு நோயாளிக்கும் அவனுடைய இரட்சகருக்கும் நடுவே சுவராகி நின்றன என்பதையும், அப்படி நிற்பதை அவர்கள் உணரவே இல்லை என்பதையும் நினைக்கும்போது, பாவத்தைக் குறித்த முதல் போதனை படுக்கையில் கிடந்தவனைச் சுட்டாமல் வாசலில் நின்றவர்களையே சுட்டுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது. ஆராதனைக்கு ஆயிரக்கணக்கானோர் கூடுகிற நம்முடைய ஆலயங்கள் பலவற்றில், சக்கர நாற்காலி ஏறுவதற்கு ஒரு சாய்தளமும் இல்லாமல் உயர்ந்த படிகள் மாத்திரம் இருப்பதைப் பார்த்த பின்பும், அந்தக் கப்பர்நகூம் ஜனங்களை வேறு யாரோ என்று எண்ணிவிட எனக்கு மனம் வரவில்லை.

இனி, அந்த விசுவாசம் யாருடையது? படுக்கை கீழே இறக்கப்பட்டபோது இயேசு அவர்களுடைய விசுவாசத்தைக் கண்டார் என்று மத்தேயு, மாற்கு, லூக்கா மூவரும் ஒருமுகமாகச் சொல்லுகிறார்கள். கூரையைப் பிரித்த விஷயத்தை விட்டுவிட்ட மத்தேயுவும் இதை விடவில்லை. மாற்கு எழுதியபடி, நோயாளி ஆரம்பம் முதல் முடிவு வரையில் ஒரு வார்த்தையும் பேசுவதில்லை. அவன் பாவ அறிக்கை செய்ததாகவோ, சுகமாக்கும் என்று கேட்டதாகவோ, இயேசுவை இன்னார் என்று அறிந்திருந்ததாகவோ எழுதப்படவில்லை. அவனைச் சுமந்தவர்களின் விசுவாசமே அவனுக்குப் போதுமானதாய் இருந்தது. நூற்றுக்கு அதிபதியின் விசுவாசத்தினிமித்தம் வேலைக்காரன் பிழைத்தான். கானானிய ஸ்திரீயின் விசுவாசத்தினிமித்தம் அவள் மகள் விடுதலையானாள். லாசருவோ நாலு நாளாய்க் கல்லறையில் கிடந்தவன், அவனிடத்தில் விசுவாசத்தை அளந்து பார்ப்பது எப்படி? இதற்கு எதிராகச் சிலர், விசுவாசமே உன்னைக் குணமாக்கிற்று என்ற கருத்துப்பட இயேசு பர்திமேயுவுக்கும், பன்னிரண்டு வருஷம் உதிரப்போக்கினால் வருந்திய ஸ்திரீக்கும் சொன்னதை எடுத்துக் காட்டுவார்கள். அவை சுகமடைந்தவர்களைத் தேற்றிச் சொல்லப்பட்ட வார்த்தைகள். சுகமடையாத ஒருவரைப் பார்த்து, உன் விசுவாசக் குறைவே இதற்குக் காரணம் என்று அவர் சொன்னதாக நாலு சுவிசேஷங்களிலும் ஓர் இடம் இல்லை. நாசரேத்தில் அவிசுவாசத்தினிமித்தம் அவர் அதிகமாய் ஒன்றும் செய்யக்கூடாமற் போயிற்று என்று மாற்கு சொல்லுகிற இடத்திலும், குற்றம் அவரை அற்பமாய் எண்ணிய ஊரார்மேல் சாட்டப்படுகிறதேயன்றி, நோயாளிகள்மேல் சாட்டப்படவில்லை; அந்த ஊரிலுங்கூட நோயாளிகள் சிலரை அவர் சொஸ்தமாக்கினார் என்றே மாற்கு எழுதுகிறார்.

கால்கள் நடக்க வேண்டும் என்று கொண்டுவரப்பட்டவனைப் பார்த்து, மகனே என்று அழைத்து, அவனுடைய பாவங்கள் மன்னிக்கப்பட்டன என்று இயேசு சொன்னது அந்த நாலு பேருக்கும் என்னமாய் இருந்திருக்கும்! அவர்கள் கேட்டது வேறு, கொடுக்கப்பட்டது வேறு. இந்த இடத்தில்தான் பலர் அவசரப்பட்டு, பாவத்தினாலே வியாதி வந்தது, ஆகையால் பாவத்தை முதலில் நீக்கினார் என்று அர்த்தம் செய்துகொள்ளுகிறார்கள். வேதவசனத்தில் அப்படி ஒரு தொடர்பு சொல்லப்படவில்லை. பிறவிக் குருடன் ஒருவனைக் காட்டி, பாவம் செய்தவன் இவனோ, இவனைப் பெற்றவர்களோ என்று சீஷர்கள் கேட்டபோது, இருவரையும் விலக்கிவிட்டார். சீலோவாமிலே கோபுரம் விழுந்து 18 பேர் மாண்டபோது, எருசலேமில் குடியிருந்த மற்றவர்களைக் காட்டிலும் அவர்கள் பெரிய குற்றவாளிகள் என்று நினைக்க வேண்டாம் என்று தடுத்தார். யோபுவின் சிநேகிதர்களாகிய எலிப்பாசும் பில்தாதும் சோப்பாரும் துன்பத்திலிருந்து பாவத்தைக் கண்டுபிடிக்கப் பட்ட பிரயாசை அனைத்தையும் தேவன் கடைசியில் கண்டனம் செய்தார். பெதஸ்தா குளத்தண்டை 38 வருஷம் வியாதியாய்க் கிடந்தவனுக்கு மாத்திரம், இனிப் பாவஞ்செய்யாதே என்று இயேசு எச்சரித்ததுண்டு. அந்த வசனத்தை நான் மறைக்க விரும்பவில்லை. ஆனால் அந்த எச்சரிப்பு எப்போது சொல்லப்பட்டது என்று பாருங்கள்: அவன் சுகமாகி, தன் படுக்கையைத் தானே எடுத்துக்கொண்டு நடந்து போன பின்பு, அவனைத் தேவாலயத்திலே கண்டபோது சொல்லப்பட்டது. சுகத்துக்கு நிபந்தனையாக முன்கூட்டி அவனிடத்தில் ஒன்றும் கேட்கப்படவில்லை.

ஆகவே, மன்னிப்பு முதலில் வந்ததற்குக் காரணத்தை வேறிடத்தில் தேட வேண்டும். கிறிஸ்தவ போதகத்தின்படி பாவம் என்பது தனித்தனித் தீச்செயல்களின் கூட்டுத்தொகை மாத்திரமாகாது. சிருஷ்டிகரோடு மனுஷனுக்கு இருக்க வேண்டிய உறவு முறிந்துபோன நிலைமை அது. அந்த நிலைமை நடக்கிறவனுக்கும் உண்டு, கிடக்கிறவனுக்கும் உண்டு. திமிர்வாதக்காரன் ஒரு திமிர்வாதக்காரனாக மட்டும் இயேசுவின் கண்ணுக்குத் தென்பட்டிருந்தால், அவன் கால்களை மாத்திரம் சரிசெய்து அனுப்பியிருப்பார்; முழு மனுஷனாகத் தென்பட்டதனால்தான், எந்த மனுஷனுக்கும் எது முதலாவது தேவையோ அதை அவனுக்கும் முதலாவது கொடுத்தார். அவனுடைய சரீரத்தையே பார்த்துப் பழகிய ஒரு ஊரின் நடுவில், அவனை ஆத்துமா உள்ளவனாக ஒருவர் நடத்தியது எவ்வளவு பெரிய கனம்!

அங்கே உட்கார்ந்திருந்த வேதபாரகருக்கு இது தேவதூஷணமாகப் பட்டது. அவர்களை நம்முடைய பிரசங்கிகள் எளிதாய்ப் பரிகசித்துவிடுகிறார்கள். எனக்கோ அவர்களுடைய ஆக்ஷேபம் நியாயமானதாகவே தோன்றுகிறது. பாவத்தை மன்னிக்கிறவர் தேவன் ஒருவரே என்பது இஸ்ரவேலின் அடிப்படைச் சத்தியம். லேவியராகமத்தின் 16ஆம் அதிகாரத்தில் விதிக்கப்பட்ட பிரகாரம், வருஷத்துக்கொரு முறை பாவநிவாரண நாளிலே இரண்டு வெள்ளாட்டுக் கடாக்கள் நிறுத்தப்பட்டு, ஒன்று பலியிடப்பட்டு, மற்றொன்றின் தலையில் ஜனத்தின் அக்கிரமங்கள் அறிக்கையிடப்பட்டு வனாந்தரத்துக்கு அனுப்பப்பட்ட ஏற்பாடு எல்லாம், மன்னிப்பு என்பது வாயால் சொல்லிவிட்டுப் போகிற காரியம் இல்லை என்பதைப் போதிப்பதற்கே. பலிபீடமும் ஆசாரியனும் இல்லாத ஒரு மண் வீட்டில், தூசி படிந்த தரையில் உட்கார்ந்துகொண்டு அந்த மன்னிப்பை ஒருவர் அறிவிப்பாரானால், அவர் தூஷணம் சொல்லுகிறவராக இருக்க வேண்டும், அல்லது அந்த அதிகாரம் உடையவராக இருக்க வேண்டும். மூன்றாவது வழி இல்லை. எதைச் சொல்வது எளிது என்று இயேசு கேட்ட கேள்வி இங்கேதான் வந்து நிற்கிறது. மன்னிப்பைச் சொல்வது எளிது. பலித்ததா இல்லையா என்று எவரும் பார்க்க முடியாது. எழுந்து நட என்பது கடினம்; பொய்யானால் அந்த க்ஷணமே வெளிப்பட்டுவிடும். காணக்கூடிய இரண்டாவதைச் செய்து காட்டி, காணக்கூடாத முதலாவதை மெய்ப்பித்தார். சொல்வதற்கு எளிதாயிருந்த அந்த மன்னிப்பு செய்து முடிப்பதற்கு எவ்வளவு அருமையானது என்பதை அதே சுவிசேஷம் பின்னால் காட்டுகிறது: கப்பர்நகூமில் அவர்மேல் மனத்துக்குள் சாட்டப்பட்ட தேவதூஷணக் குற்றமே, பதினாலாம் அதிகாரத்தில் பிரதான ஆசாரியனுடைய வாயினால் வெளிப்படையாய்ச் சாட்டப்பட்டு, அவரை மரணத்துக்கு ஒப்புக்கொடுத்தது. திமிர்வாதக்காரன் இலவசமாய்ப் பெற்றதன் கிரயம் அங்கே செலுத்தப்பட்டது.

இரட்சிப்பு சரீர சுகத்தோடு ஒன்றாய்ப் பிணைந்ததல்ல என்பதற்கு அப்போஸ்தலர்களுடைய காலமே சாட்சி. பவுல் தம்முடைய மாம்சத்தில் இருந்த முள் நீங்கும்படி மூன்று தரம் வேண்டிக்கொண்டும் அது நீங்கவில்லை. துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவந்தார். நம்முடைய காலத்திலும், நம்முடைய தேசத்திலும், இதற்கு ஒரு திருஷ்டாந்தம் உண்டு. வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில் பயின்ற மேரி வர்கீஸ் என்ற இளம் மருத்துவர், 1954ஆம் ஆண்டு ஒரு வாகன விபத்தில் முதுகெலும்பு சிதைந்து, இடுப்புக்குக் கீழே உணர்ச்சியற்றவரானார். அவருக்காக ஜெபித்தவர்கள் அநேகர் இருந்திருப்பார்கள். அவர் மறுபடியும் நடக்கவில்லை. சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே, டாக்டர் பால் பிராண்டின் ஊக்கத்தினால், குஷ்டரோகிகளின் முடங்கிய கைகளை விரியச் செய்கிற சஸ்திர சிகிச்சைகளைச் செய்தார். 1873இல் ஹான்சன் அந்த நோயின் கிருமியைக் கண்டறிந்த பின்புங்கூட, பாவத்தின் தண்டனை என்ற முத்திரையோடு ஊருக்கு வெளியே தள்ளப்பட்டவர்களின் கைகள் அவை என்பதை மறக்கலாகாது. பின்பு ஆஸ்திரேலியாவிலும் நியூயார்க்கிலும் பயிற்சி பெற்றுத் திரும்பி, முடங்கியவர்களுக்கு மறுவாழ்வு அளிக்கும் சிகிச்சைத் துறையை வேலூரில் தலைமையேற்று நடத்தினார்; அதற்கென்று ஒரு தனி நிலையம் 1966இல் அங்கே திறக்கப்பட்டது. அவருக்கு விசுவாசம் போதவில்லை என்று சொல்லத் துணிகிற போதகர் யாராவது இருந்தால், அவர் முதலில் தம்முடைய விசுவாசத்தைப் பரிசோதித்துக் கொள்ளட்டும்.

நோயாளிகளுக்காக ஜெபிப்பதை நான் விலக்கவில்லை. மூப்பர்கள் வந்து எண்ணெய் பூசி ஜெபிக்க வேண்டும் என்று யாக்கோபு நிருபத்திலே கட்டளை இருக்கிறது. விசுவாசமுள்ள ஜெபம் ஜெபிக்க வேண்டியவர்களாக அந்த மூப்பர்களையே யாக்கோபும் வைக்கிறார். சுமக்கிற வேலை சபையினுடையது. ஒருவர் சுகமடையாமற்போனால், சபை தன் தோள்களைச் சோதித்துப் பார்க்கலாம், மறுபடியும் வந்து தூக்கலாம், வைத்தியரிடம் கொண்டு போகலாம், மருந்துச் செலவை ஏற்கலாம், இராத்திரியில் துணையிருக்கலாம். கிடக்கிறவனுடைய மனச்சாட்சியைக் கிளறிப் பார்க்கிற அதிகாரம் அதற்குக் கொடுக்கப்படவில்லை.

மாற்கு இதை அடுத்து எழுதுகிற சம்பவத்தையும் சேர்த்து வாசிக்க வேண்டும். இயேசு கடலருகே போய், நடந்து போகையில், ஆயத்துறையில் உட்கார்ந்திருந்த அல்பேயுவின் மகன் லேவியை அழைக்கிறார். லேவிக்குக் கைகால்கள் திடமாகவே இருந்தன; எந்த வைத்தியனும் அவனிடத்தில் ஒரு வியாதியையும் கண்டிருக்க மாட்டான். ஆயினும் ஏரோதின் ராஜ்யத்தில் வரி வாங்கிச் சேர்த்த அந்த மேஜையை விட்டு அவன் எழுந்து பின்சென்றது, திமிர்வாதக்காரன் படுக்கையை விட்டு எழுந்ததற்குக் குறைந்த அற்புதம் என்று மாற்கு கருதவில்லை. அதனால்தான் இரண்டையும் அடுத்தடுத்து வைத்தார். பின்பு அவனுடைய வீட்டுப் பந்தியில் பாவிகளோடு உட்கார்ந்ததற்காகக் குற்றஞ்சாட்டப்பட்டபோது, நோயுள்ளவர்களுக்கே வைத்தியன் தேவை என்ற கருத்துப்பட இயேசு உத்தரவு சொன்னார். வைத்தியன் என்ற பெயரை அவர் தமக்கு எடுத்துக்கொண்ட அந்தப் பந்தியில் படுக்கையில் சுமந்து கொண்டுவரப்பட்டவன் ஒருவனும் இருந்ததாக மாற்கு எழுதவில்லை. இருந்தவர்கள் தங்கள் கால்களாலேயே நடந்து வந்த ஆயக்காரரும், அவர்களைக் குற்றம் சொல்லுவதற்காக அதே விதமாய் நடந்து வந்த வேதபாரகருமே.