அமைதியும் ஓர் அறிகுறியே

மலேசியப் பொதுப் பல்கலைக்கழகங்களில் பயில்வோரில், பத்துப் பேருக்கு ஏறக்குறைய அறுவர் பெண்கள். எனவே, பின்தங்கும் ஆண் மாணவர்கள்மீது மட்டும் கவனம் செலுத்தினால் போதும் எனப் பலர் எண்ணுகின்றனர். இவ்வெண்ணம் பாதி உண்மையே.

நல்ல புள்ளிகள் நல்ல மனநலத்திற்குச் சான்றாகா. உலகச் சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி, மனச்சோர்வு ஆண்களைவிடப் பெண்களிடம் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு அதிகம். இடுபணிகளை உரிய நாளில் ஒப்படைத்து, விரிவுரைகளுக்குத் தவறாமல் செல்லும் மாணவி, இரவில் உறக்கமின்றித் தவிக்கக்கூடும். அவளுடைய தேர்ச்சியே அவளுடைய துன்பத்தைப் பிறர் கண்களிலிருந்து மறைத்துவிடுகிறது.

ஆண் மாணவனின் நிலை வேறு. “ஆம்பளைப் பிள்ளை அழலாமா?” என்ற கேள்வியைக் கேட்டே பலர் வளர்கின்றனர். அழுத பிள்ளை பால் குடிக்கும் என்பது பழமொழி. அழவே கூடாது எனப் பழக்கப்பட்டவன் எவ்வாறு உதவி கேட்பான்? விரிவுரைகளுக்கு வராமை, எதற்கெடுத்தாலும் சினம், விடிய விடிய இணைய விளையாட்டு என அவனது துன்பம் வேறு வடிவங்களில் வெளிப்படலாம். சுற்றியிருப்போரோ அதனைச் சோம்பல் என்று முடிவு கட்டிவிடுகின்றனர். உலக அளவில் தற்கொலையால் இறப்போரில் ஆண்களின் எண்ணிக்கை பெண்களைவிட ஏறக்குறைய இரு மடங்கு என்பதை நோக்கின், இந்த மௌனத்தின் ஆபத்து விளங்கும்.

பெண்கள் அனைவரும் மனம்விட்டுப் பேசுவர், ஆண்கள் அனைவரும் மறைப்பர் எனக் கூறிவிட முடியாது. ஆயினும், ஒரே அளவுகோலால் இருபாலரையும் அளந்தால், யாரேனும் ஒருவர் கவனிக்கப்படாமல் விடுபட்டுவிடுவர்.

ஆகவே, மாணவர்கள் தாமாகவே வந்து ஆலோசகரின் கதவைத் தட்டட்டும் எனப் பல்கலைக்கழகங்கள் காத்திருக்கக் கூடாது. தொடர்ந்து இரு வாரம் வராத மாணவனைக் கண்டிக்கும் முன்னர், விரிவுரையாளர் அவனை அழைத்து நலம் விசாரிக்க வேண்டும். சிறந்த புள்ளிகள் பெறும் மாணவியிடமும் அதே கேள்வி கேட்கப்பட வேண்டும்.

நண்பர்களுக்கும் இதில் பங்குண்டு. “சாப்பிட்டாயா? தூங்கினாயா?” என்ற எளிய விசாரிப்பே பேச்சைத் தொடங்கி வைக்கும். அதற்கும் மேல் உதவி தேவைப்படின், சுகாதார அமைச்சின் ஹீல் 15555 தொலைபேசிச் சேவை உள்ளது. உதவி கேட்பது பலவீனமன்று என்பதை ஆண், பெண் இருபாலரும் பள்ளிப் பருவத்திலேயே உணர்ந்தால், பல்கலைக்கழக வாழ்வின் சுமையைத் தனியாகச் சுமக்க வேண்டியதில்லை.