இடமாற்றம் என்னும் கற்பிதம்: பேஸ்பால் வீரர் பரிமாற்றத்தை முன்வைத்து

தமிழ் இலக்கிய வாசகர் பலருக்குப் பேஸ்பால் அறிமுகமானது ஹெமிங்வேயின் கிழவர் வழியாகத்தான். சாந்தியாகோ ஓயாமல் எண்ணிக்கொண்டிருக்கும் ஜோ டிமாஜியோ, 1936 முதல் 1951 வரை, போர்ச் சேவையில் கழிந்த மூன்று பருவங்கள் நீங்கலாக, நியூயார்க் யாங்கீஸ் என்ற ஒரே அணிக்கு ஆடி ஓய்வுபெற்றவர். அவ்வாட்டத்தில் இத்தகைய வாழ்க்கை வெகு சிலருக்கே வாய்க்கிறது. மற்றவர்களில் பலர் கைமாற்றப்படுகிறார்கள். அவர்களைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதையோடுதான் இங்கு நமக்குச் சண்டை.

வீரர் பரிமாற்றம் என்பது, ஓர் அணி தன் வீரர் ஒருவரின் ஒப்பந்தத்தை வேறோர் அணியிடம் ஒப்படைத்துவிட்டு, ஈடாக அங்கிருந்து வேறு வீரரைப் பெற்றுக்கொள்வது. பெரும்பாலும் வீரரின் சம்மதம் கேட்கப்படுவதில்லை. அவ்வாறு அனுப்பப்பட்டவர் புதிய அணியில் ஒளிர்ந்துவிட்டாலோ, விளையாட்டு எழுத்தாளர்களிடம் ஆயத்தமாக ஒரு விளக்கம் இருக்கிறது: புதிய காற்று பட்டது, உறங்கிய திறமை விழித்தது, மாற்றம் அவருக்கு நன்மையாய் முடிந்தது. கேட்க இனிமையாகத்தான் இருக்கிறது. ஆனால் இக்கதையில் முதல் அணியின் பிழை மறைந்துபோகிறது என்பதும், வீரரைக் கேட்காமல் விற்றவர் அவருக்கு உபகாரம் செய்தவராகிவிடுகிறார் என்பதும் நம் குற்றச்சாட்டு.

இக்கதைக்கு எப்போதும் முதற்சான்றாக நிறுத்தப்படுபவர் லூ பிராக். 1964 ஜூன் 15 அன்று சிகாகோ கப்ஸ் அணி அவரைச் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸ் அணிக்கு அனுப்பி, எர்னி பிராக்லியோ என்ற பந்தெறிவாளரைப் பெற்றது. அவ்வாண்டு கப்ஸுக்கு ஆடிய 52 ஆட்டங்களில் பிராக்கின் பேட்டிங் சராசரி 0.251, திருடிய பேஸ்கள் 10. எஞ்சிய 103 ஆட்டங்களில் கார்டினல்ஸுக்காக 0.348, திருடியவை 33. அவ்வாண்டு கார்டினல்ஸ் உலகத் தொடரையே வென்றது. பத்தாண்டு கழித்து, 1974இல், ஒரே பருவத்தில் 118 பேஸ்களைத் திருடினார் பிராக்.

செயின்ட் லூயிஸின் காற்றில் அப்படி என்ன இருந்தது? ஜானி கீன் என்ற மேலாளர் இருந்தார். ஓடு என்றார், பிராக் ஓடினார். கப்ஸ் அணியின் நிலையோ வேறு. 1961இல் அதன் உரிமையாளர் பிலிப் ரிக்லி, மேலாளர் என்று ஒருவரை வைத்துக்கொள்ளாமல், பயிற்சியாளர் குழுவொன்று முறைவைத்து அணியை நடத்தும் விந்தையான ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். அதே ஆண்டின் இறுதியில் அவ்வணிக்குள் நுழைந்த இளைஞர் பிராக். அந்தக் கால்களின் வேகம் சிகாகோவிலும் இருந்தது. அதை எப்படிப் பயன்படுத்துவது என்று தெரிந்தவர்தான் அங்கில்லை.

ஃபிராங்க் ராபின்சன் கதை இன்னும் வெளிப்படையானது. 1965இல் சின்சினாட்டி ரெட்ஸ் அணிக்காக 33 ஹோம் ரன்கள் அடித்து, 113 ரன்களுக்குக் காரணமாயிருந்தவரை, அவ்வாண்டு டிசம்பரில் பால்டிமோர் ஓரியோல்ஸ் அணிக்கு அனுப்பினார்கள். முப்பது வயதிலேயே முதுமை தட்டிவிட்டது என்ற பொருளில் ரெட்ஸ் உரிமையாளர் பில் டெவிட் காரணம் கூறினார். மறு ஆண்டு ராபின்சன் 0.316 சராசரி, 49 ஹோம் ரன்கள், 122 ரன்கள் எனத் தம் லீக்கின் மூன்று பட்டியல்களிலும் முதலிடம் பிடித்து மும்மகுடம் சூடினார். உலகத் தொடரையும் வென்று கொடுத்தார். இதை 'மறுமலர்ச்சி' என்று எழுதுபவர்களை நாம் கேட்கிறோம்: வாடியிருந்தால்தானே மறுபடி மலர முடியும்? 1961இலேயே நேஷனல் லீக்கின் மிகச் சிறந்த வீரர் விருதைப் பெற்றவர் அவர். மங்கியிருந்தது டெவிட்டின் பார்வை.

அண்மைக்கால எடுத்துக்காட்டு ஜேக் ஆரியெட்டா. உடலின் குறுக்காகக் காலை ஊன்றி எறிவது இப்பந்தெறிவாளரின் இயல்பு. ஓரியோல்ஸ் பயிற்சியாளர்கள் அதைத் திருத்த முயன்றார்கள். அவ்வணியில் அவர் ஒன்பது இன்னிங்ஸுக்குச் சராசரியாக விட்டுக்கொடுத்த ரன்கள் 5.46. 2013 ஜூலையில் கப்ஸ் அணிக்கு மாற்றப்பட்டார். அங்கே அவரை அவர் போக்கிலேயே எறியவிட்டார்கள். 2015இல் 22 வெற்றி, 6 தோல்வி, சராசரி 1.77, சிறந்த பந்தெறிவாளருக்கான சை யங் விருதும் கிட்டியது. மறு ஆண்டு, 1908க்குப் பிறகு முதன்முறையாகக் கப்ஸ் உலகத் தொடரை வென்றபோது அதில் இரண்டு ஆட்டங்களை வென்று தந்தவர் அவரே. பிராக்கை அடையாளம் காணத் தவறிய அதே கப்ஸ்தான் இது. வெற்றியின் இரகசியம் ஊரிலோ மண்ணிலோ இல்லை என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

எப்படியாயினும் மாற்றத்தால்தானே இவர்கள் உயர்ந்தார்கள் என்று மறுப்போர் உண்டு. அம்மறுப்பில் நியாயமும் உண்டு. பிராக் சிகாகோவிலேயே இருந்திருந்தால் அந்தக் கால்கள் வீணாகியிருக்கலாம். ஆனால் ஓடவிடுவதற்கும், இயல்பாக எறியவிடுவதற்கும் ஒருவரை ஊர்விட்டு ஊர் அனுப்பவேண்டியதில்லை. சிறையிலிருந்து வெளிவந்தவன் உடல் தேறினால், சிறைக்காவலருக்கு நன்றி சொல்வோமா?

இன்னொன்றும் உண்டு. தம் இயல்பான ஆட்டத்துக்குக் கீழே சரிந்திருக்கும் நேரத்தில் கைமாற்றப்படும் வீரர்கள் பலர். தாழ்ந்தவர் தம் சராசரிக்கு மீள்வது எங்கிருந்தாலும் நிகழக்கூடியதே. மீண்டவர்களைக் கதையாக்குகிறோம், மீளாதவர்களை மறந்துவிடுகிறோம். எர்னி பிராக்லியோவை யார் நினைக்கிறார்கள்? 1963இல் கார்டினல்ஸுக்காக 18 வெற்றி பெற்றவர். கப்ஸுக்கு வந்தபின், 1966 வரை அவர் பெற்றவை 7 வெற்றிகள், 19 தோல்விகள். முழங்கை கெட்டு, அறுவைச் சிகிச்சை செய்துகொண்டு, ஆட்ட வாழ்வே முடிந்தது. அவருக்கும் அதே 1964 ஜூனில்தான் புதிய காற்று பட்டது. அமெரிக்க விளையாட்டுப் பேச்சில், ஏமாந்த வியாபாரத்துக்கு மறுபெயராக மட்டுமே அவர் பெயர் எஞ்சியது.

இத்தனைக்கும் மேலாக, இக்கதையை முற்றிலும் தகர்த்தவர் ஒருவர் இருக்கிறார்: கர்ட் ஃபிளட். 1957 டிசம்பரில் ரெட்ஸ் அணியிலிருந்து கார்டினல்ஸுக்கு மாற்றப்பட்டு, அங்கே பன்னிரண்டு பருவங்கள் ஆடி, சிறந்த தடுப்பாளருக்கான தங்கக் கையுறை விருதை ஏழு முறை பெற்றவர். அதாவது, பரிமாற்றத்தால் செழித்தவர் என்று பட்டியலிடத் தகுந்தவர். 1969 அக்டோபரில் அவரை மறுபடியும் கைமாற்றினார்கள், இம்முறை பிலடெல்பியா ஃபில்லீஸுக்கு. அவர் மறுத்தார். தாம் வாங்கி விற்கப்படும் உடைமை அல்லர் என்று ஆணையருக்குக் கடிதம் எழுதி, வழக்கும் தொடுத்தார். 1970 பருவம் முழுவதும் ஆடவில்லை. 1971இல் வாஷிங்டன் அணிக்கு ஆடியது வெறும் 13 ஆட்டங்கள். 1972இல் உச்ச நீதிமன்றம் 5க்கு 3 என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது.

எனினும் அவர் தொடங்கிய வாதம் அடங்கவில்லை. பத்தாண்டுகள் ஆடி, அவற்றுள் கடைசி ஐந்தையும் ஒரே அணியில் கழித்தவர் தம் பரிமாற்றத்தைத் தடுக்கலாம் என்ற உரிமை 1973இல் வீரர் சங்கத்துக்குக் கிட்டியது. 1975 டிசம்பரில், ஒப்பந்தம் முடிந்த வீரர் விரும்பிய அணியோடு பேசலாம் என்று நடுவர் பீட்டர் சைட்ஸ் தீர்ப்பளித்தார். ஃபிளட்டுக்கு இவற்றால் எப்பயனும் இல்லை. அவர் ஆட்டக் காலம் முடிந்துபோயிருந்தது.

நாற்றங்காலிலிருந்து பிடுங்கி நட்டால்தான் பயிர் செழிக்கும் என்று நம் உழவர் அறிவர். நாற்றைக் கேட்டு எவரும் பிடுங்குவதில்லை, கேட்கத் தேவையுமில்லை. மனிதர் விஷயத்தில் அவ்வுவமை ஒருபோதும் பொருந்தாது. ஆகவே, அணி மாறி ஒளிர்ந்த ஒருவரைப் பற்றி அடுத்தமுறை எழுதுவோரிடம் நாம் இரண்டு கேள்விகளை வைக்கிறோம். முந்தைய இடத்தில் அவரை ஒளிரவிடாதவர் யார்? போகச் சம்மதமா என்று அவரை எவரேனும் கேட்டார்களா? இவ்விரண்டுக்கும் விடை சொல்லாத எந்தப் பாராட்டும் வீரருக்குச் சேர்வதில்லை. அவரை விற்றவருக்கே போய்ச் சேர்கிறது.